விரலில் பட்டதை யார் சொல்வது?

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் 24 இரட்டையர் இணைகள் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இறகுப்பந்து லீக் நடத்தி வருகிறார்கள். இதுவரை நடுவர் கிடையாது. தங்கள் பக்கத்தில் விழும் ஷட்டிலை அந்தந்தப் பக்கத்தாரே இன், அவுட் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்த ஆண்டு முதல்முறையாக ரொக்கப் பரிசு வைத்தார்கள். அரையிறுதியில் பின்கோட்டு மூலையில் விழுந்த ஒரு ஷட்டில் வாக்குவாதமாகி, இரண்டு இணைகளும் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு நடுவர்களை அமர்த்திவிடலாமா, அமர்த்தினால் லீக்கின் பழைய குணம் போய்விடாதா என்பது அவர் கேள்வி.

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் ஊர் ஊராகப் போய் நடுவராக நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவரை அமர்த்துங்கள். ஆனால் ஓர் ஆட்டக்காரர் தனக்குப் பாதகமாகச் சொல்லும் சொல் நடுவரின் தீர்ப்பையும் மாற்றும் என்று உங்கள் விதியில் எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு அமர்த்துங்கள். லீக் சுற்றுக்கு நடுவர் தேவையில்லை. அங்கே இல்லாமல் போனது, கோடு சொல்வதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை.

முதலில் அந்த ஷட்டிலைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இரு தரப்பிலும் எவரும் பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது. பின்கோட்டை நோக்கிப் பின்னால் ஓடுகிறவர், அண்ணாந்து பார்த்தபடியே, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிறார், விட்டுவிடுகிறார், அதற்கப்புறம்தான் தலையைத் திருப்பித் தரையைப் பார்க்கிறார். மட்டையை இறக்கிய அந்த நொடியிலேயே அவர் மனம் 'அவுட்' என்று முடிவு செய்துவிட்டது. தரையைப் பார்க்கும் கண், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடும் கண். எதிர்ப்பக்கத்தில் அடித்தவரோ 13.40 மீட்டர் நீளமுள்ள கோர்ட்டின் மறுகோடியிலிருந்து, வலைக்கு மேலாகவும் ஊடாகவும், தன் அடி சரியாக விழுந்தது என்ற கை உணர்வோடு பார்க்கிறார். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் இருவருமே சரியாகக் காணக்கூடிய நிலையில் இல்லை.

இது பயிற்சி இல்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல. 2007ஆம் ஆண்டு விம்பிள்டன் ஆட்டங்களிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்து, கலிபோர்னியாவில் பார்வை பற்றி ஆராயும் ஒரு குழுவினர் பரிசோதித்தார்கள். தேர்ந்த கோட்டு நடுவர்களின் தீர்ப்புகளில் 83 தவறானவை என்று தெரிந்தது. அவற்றுள் 70, உள்ளே விழுந்த பந்தை வெளியே விழுந்ததாகச் சொன்ன தவறுகள். வேகமாக நகரும் பொருள், அது போகும் திசையில் உண்மையான இடத்தைவிடச் சற்று முன்னே தள்ளியிருப்பதாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வெளியே போகும் பந்து இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிறது. அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கே இப்படி என்றால், மூச்சு வாங்க ஓடிவந்து, அந்தப் புள்ளி தனக்கு வேண்டும் என்ற ஆசையோடு பார்க்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். நேர்மையானவரின் பிழைகூட ஒரே பக்கமாகத்தான் சாயும். அந்தப் பக்கம் அவருடைய சொந்தப் பக்கம்.

நடுவர் இல்லாத டென்னிஸ் ஆட்டங்களுக்கென்று நெடுங்காலமாக இருந்துவரும் நெறி இந்தச் சாய்வை நேர்செய்யத்தான் என்று நான் நினைக்கிறேன். தன் பக்கத்துக் கோட்டைத் தானே சொல்ல வேண்டும். பந்து விழுந்தவுடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். துளி ஐயம் இருந்தாலும் அந்தப் பந்து எதிராளிக்குச் சாதகமாக உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். ஐயம் என்றால் மறுபடி ஆடலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. இறகுப்பந்தின் விதியில், கோட்டு நடுவரின் பார்வை மறைக்கப்பட்டு முதன்மை நடுவராலும் முடிவு சொல்ல இயலாதபோது 'லெட்' கொடுத்து மறுபடி ஆடச் சொல்கிறார்கள். நடுவர் இருக்கும் ஆட்டத்துக்கு அது பொருந்தும், ஏனெனில் 'தெரியவில்லை' என்று சொல்லும் நடுவருக்கு அந்தப் புள்ளியால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

நம் ஊர் ஆட்டங்களில் அந்த லெட்டைத்தான் ஆட்டக்காரர்கள் கைக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். எந்தத் தகராறுக்கும் "செரி, லெட்டு" என்று சொல்லி முடித்துவைப்பது பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். புள்ளியை இழந்துவிட்ட ஒருவர், 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று சொல்வதாலேயே இழந்ததில் பாதியைத் திரும்பப் பெறுகிறார். இருபது நிமிட ஆட்டத்தில் இப்படி மூன்று முறை நடந்தால், கண்டிப்போடு ஆடுகிறவர் தோற்பார். ஐயத்தைக் கிளப்புகிறவர் ஜெயிப்பார். மூன்றாவது லெட்டின்போதுதான் வழக்கமாகச் சண்டை வரும். உங்கள் அரையிறுதியிலும் அதற்கு முன்னால் எத்தனை லெட் கொடுக்கப்பட்டன என்று விசாரியுங்கள்.

ஆகவே லீக் சுற்றுக்கு டென்னிஸ் முறையைக் கொண்டுவாருங்கள். எவர் பக்கத்தில் விழுந்ததோ அவர் சொல்வதே முடிவு. வெளியே விழுந்ததைத் தெளிவாகக் கண்டால் மட்டும் 'அவுட்'. இணையில் ஒருவர் இன் என்றும் மற்றவர் அவுட் என்றும் சொன்னால் இன். சொல்லத் தயங்கினால் இன். பக்கத்துக் கோர்ட்டில் நிற்பவரையும், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரையும் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது. அவர்கள் யாருடைய நண்பர்கள் என்ற அடுத்த சண்டைக்கு அதுதான் வாசல். மட்டையின் விளிம்பில் உரசியது, வலையில் உடம்பு பட்டது, ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தது ஆகியவற்றைப் பட்டவரே சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்தார் கேட்கலாம், ஆனால் வற்புறுத்தக்கூடாது. சர்வீஸ் மட்டும் இந்த முறைக்குள் அடங்காது. 2018 முதல் சர்வதேச ஆட்டங்களில், அடிக்கும் நொடியில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அடிக்கிறவருக்கே தன் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. லீக் சுற்றில் அப்பட்டமாக மேலே தூக்கி அடிப்பவரை ஆட்டத்துக்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஏமாற்றுபவரிடம் எடுபடுமா என்று கேட்பீர்கள். 24 இணைகள் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கும் இடத்தில் பெரும்பாலும் எடுபடும். சிறு வயதில் தெருவில் ஆடும்போதே 'அழுகுணி ஆட்டம்', 'போங்கு' என்ற பெயர் ஒருவன்மேல் விழுந்துவிட்டால் அதைத் துடைக்க எத்தனை வருடம் ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நாளில் ஆடிவிட்டுக் கிளம்பும் ஓபன் போட்டிகளில் அந்தப் பெயருக்குப் பயப்பட வேண்டியதில்லை. அங்கே முதல் சுற்றிலிருந்தே ஆள் நிறுத்த வேண்டும். நீங்கள் நடத்துவது முதல் வகை என்பதால்தான் நடுவர் தேவையில்லை என்கிறேன்.

நடுவரே இல்லாமல் உலகப் போட்டிவரை நடத்தும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அல்டிமேட் என்ற பெயரில், பறக்கும் தட்டை எறிந்து பிடித்து ஏழு பேருக்கு ஏழு பேர் ஆடுவது. 1968இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பள்ளி மாணவர்கள் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் இப்போது நிறையப் பேர் ஆடுகிறார்கள். தன்மேல் தவறு நடந்ததாக ஒருவர் சொன்னால் ஆட்டம் நிற்கும். எதிராளி ஒப்புக்கொண்டால் ஒரு முடிவு. மறுத்தால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும். ஆட்டம் முடிந்தபின் ஒவ்வோர் அணியும் எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண் இடுகிறது: விதிகளை அறிந்து பயன்படுத்தியது, உடல் மோதலைத் தவிர்த்தது, நடுநிலையோடு யோசித்தது, தன்னடக்கத்தோடு நடந்துகொண்டது, பேசிய விதம் என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. எல்லாவற்றிலும் இயல்பாக நடந்துகொண்ட அணிக்கு 20க்கு 10 கிடைக்கும். 10 என்பது குறை அல்ல, அதுதான் வழக்கமான அளவு என்று அவர்கள் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல நடத்தைக்கு முழு மதிப்பெண்ணை வாரி வழங்கினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

அந்த முறையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. மறுத்தால் தட்டு திரும்பிவிடும் என்பதால், எதையும் மறுக்கிறவருக்கு இழப்பு குறைவு. நம் லெட்டில் இருக்கும் அதே கோளாறுதான். அதனால் பெரிய போட்டிகளில் ஆலோசகர்கள் ஓரமாக நிற்கிறார்கள். ஆட்டக்காரர்கள் கேட்டால் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள், தீர்மானிப்பது ஆட்டக்காரர்களே. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய தொழில்முறை லீக் இன்னும் ஒரு படி போய், முழு அதிகாரமுள்ள நடுவர்களையே நிறுத்தியது. ஆனாலும் நடுவரின் தீர்ப்பு தன் அணிக்குச் சாதகமாகத் தவறாக வந்திருந்தால், அந்த அணியின் ஆட்டக்காரரே அதை மாற்றிக்கொடுக்கலாம் என்று விதியில் எழுதிவைத்தார்கள். உங்களுக்கு நான் சொல்லும் யோசனையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நடுவர் என்பவர் எப்படி வந்தார் என்ற வரலாறும் இதற்கு உதவும். ஆரம்ப காலத்து இங்கிலாந்துக் கால்பந்தில் அணித்தலைவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள்; அந்த இருவரும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்காக மைதானத்துக்கு வெளியே மூன்றாவதாக ஒருவர் நின்றார். அவர்தான் ரெஃப்ரி. 1891இல் அவரை மைதானத்துக்குள் கொண்டுவந்து விசிலைக் கையில் கொடுத்து, அம்பயர்களைக் கோட்டோரத்துக்கு அனுப்பினார்கள்; பெனால்டி கிக் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆட்டக்காரர்கள் கேட்டால் மட்டுமே தீர்ப்பு. 1894இலிருந்து, கேட்காமலேயே தீர்ப்பு. விசில் அடிக்கவில்லை என்றால் தவறு நடக்கவில்லை என்ற மனநிலைக்கு வழி திறந்ததும் அங்கேதான்.

அந்த மனநிலையைத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். அதை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் பண்டிகையை ஒட்டி நடந்த மின்னொளிக் கைப்பந்துப் போட்டி. வலையோரத்து மேடையில் நான் முதல் நடுவராக நின்றேன். ஐந்தாவது செட், 13க்கு 13. எதிரணி ஓங்கி அடித்த பந்து தடுப்புக்கு மேலாகப் பறந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. கோட்டு நடுவர் கொடியை மேலே தூக்கினார். நானும் இரண்டு கைகளையும் உயர்த்தி அவுட் காட்டிவிட்டேன். தடுப்புப் போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும், ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவன். அவன் சர்வீஸ் போடப் போகும் தன் அணியைவிட்டு விலகி என் மேடைக்குக் கீழே வந்தான். பிளாஸ்திரி சுற்றிய வலது கையின் நடுவிரலைத் தூக்கிக் காட்டினான். சுற்று பாதி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "சார், என் வெரல்ல பட்டுப் போச்சுங்க" என்றான். அவன் அணித்தலைவர் ஓடிவந்து அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் தீர்ப்பை மாற்றினேன். 14க்கு 13 ஆக வேண்டியது 13க்கு 14 ஆயிற்று. அடுத்த சர்வீஸிலேயே ஆட்டம் முடிந்தது. அவன் அணி தோற்றது.

அது லீக் முறைப் போட்டி என்பதால் மறுநாள் காலையில் அவர்களுக்கு இன்னோர் ஆட்டம் இருந்தது. அந்தப் பையன் வெளியே உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் வேறு ஒருவர் ஆடினார். நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் இரவே மைக்கைப் பிடித்து, இந்தத் தம்பி சொன்னதால்தான் சரியான தீர்ப்பு வந்தது என்று ஊருக்கு முன்னால் நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் அவனை வெளியே உட்காரவைக்க அந்தத் தலைவருக்கு அவ்வளவு எளிதில் மனம் வந்திருக்காது. நடுவரின் வேலை விசிலோடு முடிந்துவிடுகிறது என்று அன்று நினைத்தேன். அது என் தவறு. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

2023ஆம் ஆண்டு கைப்பந்தின் நேஷன்ஸ் லீக் போட்டியில் சர்வதேசக் கூட்டமைப்பு பச்சை அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்ததைப் படித்தபோது அந்தப் பையனைத்தான் நினைத்தேன். பந்து தன்மேல் பட்டதை ஆட்டக்காரர் தானாக உடனே ஒப்புக்கொண்டால், நடுவர் அவருக்குப் பச்சை அட்டை காட்டுகிறார். வீடியோவில் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கும் இடத்திலேயே, ஆட்டக்காரரின் வாய்ச்சொல்லுக்கு எல்லோரும் பார்க்கும்படி மரியாதை செய்கிறார்கள். உங்கள் லீக்கில் அட்டை அச்சடிக்கக்கூட வேண்டாம். நடுவர் எழுந்து நின்று, 'இன்னார் ஒப்புக்கொண்டார், புள்ளி எதிரணிக்கு' என்று உரக்கச் சொன்னால் போதும்.

கோல்ஃபில் 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ், தான் அடிக்கத் தயாரானபோது பந்து இம்மி நகர்ந்ததாக வேறு எவரும் காணாததைச் சொல்லித் தனக்குத்தானே ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டார். ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத், அவரைத் திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன்கள் எடுத்தார்கள்; இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. நடுவர் தந்துவிட்டார் என்பதற்காக, தனக்கு உரியதல்ல என்று தெரிந்ததை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

நம் ஊர் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் பேட்டிங் செய்யும் அணியே அம்பயரைத் தரும் வழக்கம் இருக்கிறது. பவுலிங் போடும் அணியில் பதினொரு பேரும் களத்தில் நிற்பதால் வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு அது. எல்.பி.டபிள்யூ. கிடையாது என்று பல இடங்களில் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுதான்: தன் அணி ஆளுக்கே எதிராக, கண் கணிப்பை மட்டும் நம்பித் தரவேண்டிய தீர்ப்பை ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடாது என்று பையன்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். எதைச் சொந்த அணிக்காரனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்ற பாகுபாடு இப்படித்தான் ஆடி ஆடித் தெரிய வேண்டும்.

கபடியில் ஆட்டக்காரர்களிடமே விட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாடிப் போகிறவரை ஏழு பேர் அமுக்கும்போது நடுக்கோட்டில் அவர் விரல் பட்டதா, பாட்டு நின்றதா என்பது அந்தக் குவியலுக்குள் இருக்கும் எவருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் நடுவர்கள் வந்துவிட்டாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சூ ஆசிய விளையாட்டில் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவும் ஈரானும் 28க்கு 28 என்று நின்றபோது, பாடிப் போனவரும் அவரைத் தொடர்ந்து பிடிக்க வந்தவர்களும் லாபிக்குள், அதாவது ஆடுகளத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள், இறங்கிய ஒரு ரெய்டுக்கு யாருக்கு எத்தனை புள்ளி என்பதில் குழப்பம் வந்தது. அத்தனை நடுவர்களும் வீடியோவும் இருந்தும் தீர்ப்பு மாறி மாறி வந்து, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் இந்தியா 33க்கு 29 என்று தங்கம் வென்றது. அங்கே எவரும் பார்க்கத் தவறவில்லை. எந்த விதி பொருந்தும் என்பதில்தான் அவர்கள் ஒத்துப்போகவில்லை. விதி தெளிவாக இல்லாத இடத்தில் நூறு நடுவர்களை நிறுத்தினாலும் சண்டை நடுவர்களுக்குள் நடக்கும். அதனால்தான் நடுவருக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு பக்கம் விதி எழுதுங்கள் என்கிறேன்.

இனி, யாரை நடுவராக வைப்பது. தோற்ற இணை அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும் என்ற வழக்கம் சிக்கனமானது, லீக் சுற்றில் புள்ளி எண்ண அது போதும். அரையிறுதியில் அது வேண்டாம்; தோற்ற கோபம் ஆறாதவரை நாற்காலியில் உட்காரவைத்தால் அவருக்கும் நல்லதல்ல. ஒரே கம்பெனிக்காரர், ஒரே ஊர்க்காரர், பங்காளி, மாமன் மச்சான் என்று ஏதாவது ஓர் உறவு நம் பக்கத்தில் எப்படியும் வந்து நிற்கும். டெஸ்ட் கிரிக்கெட்டிலேயே இரு அணி நாட்டையும் சேராத நடுவர்கள் வேண்டும் என்று 1990களில் தொடங்கி, 2002இல் இருவரையுமே வெளியிலிருந்து அமர்த்தும் நிலைக்கு வந்தார்கள். அந்த நாட்டு நடுவர்கள் கெட்டவர்கள் என்பது அதற்குக் காரணமல்ல. தீர்ப்புத் தவறும்போது சொந்த நாட்டுக்குச் செய்தார் என்ற பேச்சு எழாமல் இருக்க வேண்டும். ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, போக்குவரத்துச் செலவும் உரிய சம்பளமும் சாப்பாடும் கொடுங்கள். அவருக்குத் துணையாகப் பின்கோடுகளில் இருவர் உட்காரட்டும். சர்வீஸ் உயரம், வலைத் தொடல், பின்கோடு மூன்றும் அவர்கள் பொறுப்பு. மட்டையிலோ உடம்பிலோ பட்டதைப் பட்டவர் சொன்னால், நடுவர் அதற்கு மேல் பேசக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு இணைகளும் ஒருவருக்கொருவர் நடத்தை மதிப்பெண் எழுதட்டும். ஐந்து தலைப்பு வேண்டாம், இரண்டு போதும்: கோடு சொன்ன விதம், பேசிய விதம். குறைத்துப் போடுகிறவர் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். காரணம் இல்லாத குறைந்த மதிப்பெண்ணைச் சேர்க்காதீர்கள், இல்லையேல் தோற்றவர் பழிவாங்கும் கருவியாக அது மாறிவிடும். மாதம் ஒருமுறை அதை எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். புள்ளிப் பட்டியலில் இரு இணைகள் சமமாக வந்தால், யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்பதை அந்த மதிப்பெண்ணை வைத்துத் தீர்மானிக்கலாம். அப்போதுதான் அதற்கு எடை இருக்கும். ரொக்கப் பரிசை நிறுத்தச் சொல்ல மாட்டேன்; உழைக்கிறவர்களுக்கு அந்தப் பணம் ஒரு மகிழ்ச்சி. ஆனால் முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் உள்ள இடைவெளியைக் குறையுங்கள். ஒரு ஷட்டிலின் மதிப்பு ஒரு வார வேலைக்கூலிக்குச் சமமாகிவிட்டால், கண் இன்னும் அதிகமாகச் சாயும்.

பேசாமல் இருக்கும் அந்த நான்கு பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியை மறுபடி ஆராயாதீர்கள், சமரசக் கூட்டமும் போடாதீர்கள். அடுத்த லீக் தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வேறு இரண்டு இணைகள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு அந்த நால்வரையும் கோட்டு நடுவர்களாக அழையுங்கள். பின்கோட்டுக்கு இருவர் வீதம், எதிரும் புதிருமாக இருந்த இரண்டு இணைகளில் ஒன்றிலிருந்து ஒருவரும் மற்றதிலிருந்து ஒருவரும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளிலும் நாற்காலி போட்டு உட்காரட்டும். ஒவ்வொரு ஷட்டிலுக்கும் இருவரும் தனித்தனியே தாளில் இன், அவுட் என்று குறிக்கட்டும். ஆட்டம் முடிந்தபின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடங்களில் வேறுபட்டிருக்கிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.